5,000 டி-ஷர்ட் ஆர்டர், ஐந்து நிர்வாக வேலைகள்: சிறு பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு

திட்டமிடுதல், அமைத்தல், ஆளமர்த்துதல், இயக்குதல், கட்டுப்படுத்துதல். வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த ஐந்தும் மனப்பாடம். பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916-இல் வெளியிட்ட பட்டியலில் ஆளமர்த்துதல் தனியாக இல்லை, அந்த இடத்தில் ஒருங்கிணைத்தல் இருந்தது. பட்டியல் எதுவானாலும், திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் போட்டுக் கம்பெனி நடத்துபவர் இந்த ஐந்தையும் காலை பத்து மணிக்குள் ஒரு சுற்றுச் செய்து முடித்தாக வேண்டும். எதை, எந்தத் தாளில், என்ன எண்ணை வைத்துச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எடுத்துக்கொள்ளும் ஆர்டர் இது: ரவுண்ட் நெக் டி-ஷர்ட் 5,000 பீஸ், 180 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி, மூன்று கலர், நான்கு சைஸ், 60-ஆம் நாள் லாரி ஏற வேண்டும். நிட்டிங் (நூலைத் துணியாக்குவது), டையிங் (சாயம் ஏற்றுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) மூன்றும் வெளியே. கட்டிங் முதல் பேக்கிங் வரை உள்ளே. தையலுக்கு ஒரு லைன், 12 டெய்லர்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் செய்துவிடுங்கள். திட்டத்தில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விடுங்கள். "திட்டம்" என்று ஒரு பத்தி, "நடந்தது" என்று ஒரு பத்தி. எக்செல்லில் போட்டாலும் சரி, நீள நோட்டில் போட்டாலும் சரி. பெரும்பாலான சிறு கம்பெனிகளில் முதல் பத்தி அழகாக இருக்கும், இரண்டாவது பத்தியே இருக்காது. நஷ்டம் எங்கே வந்தது என்று கடைசி வரை தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

திட்டமிடுதல்: முதலில் கிலோ, பிறகு நிமிடம், பிறகு தேதி

துணிக் கணக்கு. நடு சைஸின் அளவை எடுங்கள். உடல் நீளம் 72 செ.மீ, கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. மார்பு அகலம் 54, தையலுக்கு 4, மொத்தம் 58. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பாகம். 104 × 58 × 2 × 180 ÷ 10,000 என்று போட்டால் 217 கிராம் வரும். கட்டிங் வேஸ்ட் பத்து சதவீதம் சேர்த்து 240 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைஸ் விகிதத்தில் பெரிய சைஸ் அதிகமாக இருந்தால் நடு சைஸை நம்பாமல், நான்கு சைஸுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

டேமேஜுக்காக 3 சதவீதம் கூடுதலாக வெட்டினால் 5,150 பீஸ். அதற்குத் தயார் துணி 1,236 கிலோ. டையிங், காம்பாக்டிங்கில் 7 சதவீதம் எடை குறையும் என்றால் 1,236-ஐ 0.93-ஆல் வகுக்க வேண்டும்: 1,329 கிலோ கிரே துணி (சாயம் ஏறாத துணி). 7 சதவீதத்தைக் கூட்டிப் போட்டால் 1,322-தான் வரும், ஆறேழு கிலோ குறையும். அது கிட்டத்தட்ட 25 டி-ஷர்ட்டுக்கான துணி. நிட்டிங்கில் ஒரு சதவீதம் போகும் என்பதால் நூல் 1,342 கிலோ. கழுத்து ரிப்புக்கு (கழுத்தைச் சுற்றி வரும் பட்டைக்கு) நூலைத் தனியாகக் கணக்கிடுங்கள். ரிப்பும் உடல் துணியும் ஒரே பாத்தில் (சாயத் தொட்டியில்), ஒரே லாட்டாக (தொகுதியாக) சாயம் ஏற வேண்டும் என்று டையிங் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். தனித்தனியாகப் போட்டால் கழுத்து ஒரு கலர், உடம்பு ஒரு கலர் என்று நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. நூலும் ஒரே மில், ஒரே லாட் நம்பராக இருக்க வேண்டும். இரண்டு லாட்டைக் கலந்து ஓட்டினால் கிரேயில் கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறிய பிறகு பட்டை பட்டையாகத் தெரியும்.

நிமிடக் கணக்கு. இந்த டி-ஷர்ட்டுக்குத் தையல் நேரம் பீஸுக்கு 8 நிமிடம் என்று வைப்போம். 12 பேர் × 480 நிமிடம் ÷ 8 என்று கணக்குப் போட்டால் ஒரு ஷிப்டுக்கு 720 பீஸ் வர வேண்டும். அந்த எண்ணை பையரிடம் (ஆர்டர் கொடுத்தவரிடம்) சொல்லிவிடாதீர்கள். ஊசி மாற்றுவது, நூல் அறுவது, வெட்டிய பாகங்களின் கட்டு வராமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் போகச் சிறு லைனில் பாதி வந்தால் நல்லது: நாளுக்கு 360, மணிக்கு 45. அதுவும் முதல் நாளே வராது. 150, 220, 300 என்று ஏறித்தான் நான்காம் நாள் 360-ஐத் தொடும். முதல் மூன்று நாளில் 670 போக, மீதி 4,480 பீஸுக்கு 13 நாள் ஆகும். மொத்தம் 16 வேலை நாள். நடுவில் மூன்று ஞாயிறு வந்தால் காலண்டரில் 19 நாள்.

தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள். 60-இல் லாரி. 58-இல் இறுதி ஆய்வு. 57-இல் பேக்கிங் முடிவு. 54-இல் தையல் முடிய வேண்டும் என்றால் 36-இல் ஆரம்பம். 34-இல் கட்டிங். அதற்கு முந்தைய இரண்டு நாளில் ரோலைப் பிரித்துத் துணியைத் தளர விட வேண்டும். ரோலாகச் சுற்றும்போது இழுபட்ட ஜெர்சியை வந்த கையோடு வெட்டினால் தைத்த பிறகு நீளம் குறையும், அளவு சரியாக நிற்காது. ஆகவே கடைசி லாட் துணி 31-இல் உள்ளே வர வேண்டும். ஆனால் முதல் கலர் லாட் 24-ஆம் நாளே வரும்படி டையிங்கை வரிசைப்படுத்துங்கள். அந்தத் துணியில்தான் பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்குப் போகும் மாதிரி) தைத்து அனுப்ப முடியும். ஒப்புதல் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஒப்புதல் இல்லாமல் கட்டிங் போடக்கூடாது. டையிங் 18-இல் ஆரம்பித்து 30-இல் முடியும். நிட்டிங் 14 முதல் 20 வரை. நூல் 13-இல் இறங்க வேண்டும். லேப் டிப் (கலர் ஒப்புதலுக்கான சாயத் துண்டு) இரண்டாம் நாளே போய் 12-க்குள் ஒப்புதலாகியிருக்க வேண்டும்.

இந்தக் காலண்டரில் உபரி நாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசியில் இல்லை, முதல் இரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. லேப் டிப் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியது டையிங் மட்டும்தான். நூல் வாங்குவதற்கும் நிட்டிங் போடுவதற்கும் கலர் தேவையில்லை. ஆறாம் நாளே நூலை இறக்கினால், ஒப்புதல் வந்த மறுநாள் டையிங் ஏற்றலாம், ஐந்து நாள் கையில் நிற்கும். "கலர் ஓகே ஆகட்டும், அப்புறம் நூல் வாங்கலாம்" என்று அந்த நாட்களை விட்டவர்கள்தான் கடைசி வாரத்தில் இரவு ஷிப்ட் ஓட்டுகிறார்கள். அப்படியும் முடியாவிட்டால் விமானத்தில் அனுப்பி லாபத்தைத் தொலைக்கிறார்கள்.

நூலைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021 நவம்பர் தொடக்கத்தில் நூல் விலை ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. நம் ஆர்டரில் உடல் துணிக்கு மட்டும் அது 67,100 ரூபாய், பீஸுக்கு 13 ரூபாய்க்கு மேல். பையரிடம் விலை ஒப்புக்கொண்ட பிறகு அந்தப் பணம் நம் பையிலிருந்துதான் போகும். விலை உறுதியான அன்றே நூலையும் உறுதி செய்யுங்கள்.

பணத் தேதிகளையும் இதே தாளில் எழுத வேண்டும். நூலுக்கு எப்போது, டையிங்குக்கு எப்போது, வாராவாரம் சம்பளம் எவ்வளவு, பையர் பணம் எந்த வாரம். சரக்குப் போய் 60 நாள் கழித்துப் பணம் வரும் என்றால், நூல் வாங்கிய நாளிலிருந்து நூறு நாளுக்கு மேல் உங்கள் காசுதான் ஓட வேண்டும். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டிய எண் லாப சதவீதத்தைவிட இதுதான்.

லேபிள், ஹேங் டேக், பாலி பேக், அட்டைப் பெட்டி ஆகியவற்றை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வாஷ் கேர் லேபிள் சைடு தையலுக்குள் வைத்துத் தைக்கப்படுவது. அது வரவில்லை என்றால் சைடு மூட்ட முடியாது. சைடு மூட்டாமல் கீழ் மடிப்பு இல்லை. 5,000 பீஸும் பாதியில் நிற்கும். இந்த ஆக்சஸரீஸ் அனைத்தும் 33-ஆம் நாளுக்குள் உள்ளே என்று தனி வரியாகத் தேதி போடுங்கள்.

அமைத்தல்: ஒரு வேலைக்கு ஒரு பெயர்

தாளில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒருவர் பெயர் வேண்டும். "நாங்க பாத்துக்கறோம்" என்ற வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். டையிங்கைப் பின்தொடர ஒருவர், கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் பொறுப்பாளர், பேக்கிங் பொறுப்பாளர். ஆள் குறைவு என்றால் ஒருவருக்கே இரண்டு பொறுப்பு இருக்கலாம். ஒரு பொறுப்புக்கு இரண்டு பேர் மட்டும் கூடாது.

ஒருவரே தையலையும் செக்கிங்கையும் பார்க்கும்படியும் வைக்காதீர்கள். எண்ணிக்கை காட்ட வேண்டியவரின் கீழ் செக்கிங் இருந்தால் மாலை ஆறு மணிக்கு எந்த பீஸும் டேமேஜ் ஆகாது. செக்கிங் நேராக முதலாளியிடம் சொல்லட்டும்.

வெளியே போகும் துணிக்கு ரோல் எண்ணிக்கை, எடை, லாட் நம்பர் மூன்றும் எழுதிய டெலிவரி சலான் போட வேண்டும். திரும்பும்போது உங்கள் தராசில் எடை போடுங்கள், ரோலுக்கு ஒரு துண்டு வெட்டி ஜி.எஸ்.எம் பாருங்கள். 180 கேட்டு 190 வந்தால் எடை சரியாக இருக்கும், நீளம் குறைந்திருக்கும். 1,236 கிலோவில் 5,150 பீஸ் வெட்ட முடியாது, சுமார் 270 பீஸ் குறையும். வாங்கி வைத்துக் கட்டிங் மேசையில் கண்டுபிடித்தால் யாரிடமும் கேட்க முடியாது.

உள்ளே மெஷின் வரிசை வேலை ஓட்டத்தின்படி இருக்கட்டும்: தோள் மூட்டும் ஓவர்லாக் (விளிம்பை வெட்டிக்கொண்டே மூட்டும் மெஷின்), கழுத்து ரிப் ஏற்றும் ஓவர்லாக், கழுத்துக்கு டேப் போடும் சிங்கர் (ஒற்றை ஊசி மெஷின்), கை மடிக்கும் பேட்லாக் (மடிப்புத் தைக்கும் மெஷின்), கை ஏற்றும் ஓவர்லாக், சைடு மூட்டும் ஓவர்லாக், கீழ் மடிக்கும் பேட்லாக். வெட்டிய பாகங்களை 20 பீஸாக அடுக்கிக் கட்டி ஒவ்வொரு கட்டிலும் சைஸ், கலர், ரோல் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். ஒரே கலரானாலும் ரோலுக்கு ரோல் சாயல் மாறும். ஒரு ரோலின் உடம்பும் இன்னொரு ரோலின் கையும் சேராமல் காப்பது அந்தச் சீட்டுதான்.

ஆளமர்த்துதல்

"ஓவர்லாக் டெய்லர்" என்று வருபவருக்கு எல்லா ஓவர்லாக் வேலையும் வரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சைடு மூட்டுவது வேறு, கழுத்து ஏற்றுவது வேறு. பத்து பீஸ் கொடுத்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு தாளில் பக்கவாட்டில் வேலைகள், மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர், கட்டத்துக்குள் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதி மாட்டுங்கள். கழுத்து ஏற்ற ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்றால் அவர் லீவு போடும் நாள் உங்கள் லைனும் லீவு. ஆர்டர் வருவதற்கு முன்பே இரண்டாவது ஆளைப் பழக்கி வையுங்கள். கைமடி (டெய்லருக்கு உதவும்) வேலையிலிருக்கும் சுறுசுறுப்பான பெண்களில் பலர் ஒரு மாதப் பயிற்சியில் மெஷினில் உட்காரக்கூடியவர்கள். வெளியே ஆள் தேடுவதற்கு முன் அவர்களைப் பாருங்கள்.

யார் எந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள் என்பதைக் காலண்டரில் குறியுங்கள். பொங்கலுக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தவர்கள் போவார்கள். ஹோலிக்கும், தீபாவளி முடிந்து சில நாளில் வரும் சட் பூஜைக்கும் பீகார்க்காரர்கள் போவார்கள். போனவர்கள் எல்லோரும் அதே தேதியில் திரும்ப மாட்டார்கள். அந்த வாரங்களில் 12 பேர் கணக்கைப் போடாமல் எட்டுப் பேர் கணக்கைப் போடுங்கள்.

கூலியை ஷிப்டில் கொடுத்தால் எண்ணிக்கை தளரும், பீஸ் ரேட்டில் கொடுத்தால் தரம் தளரும். பீஸ் ரேட் என்றால் செக்கிங்கில் பாஸான பீஸுக்கு மட்டும் கணக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை சம்பள நேரத்தில் சொல்லாதீர்கள். பத்துப் பேர் வந்துவிட்டால் ஈ.எஸ்.ஐ, இருபது பேர் என்றால் பி.எஃப் கட்டாயம். ஈ.எஸ்.ஐ-யில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். பையரின் ஆடிட்டில் முதலில் கேட்பதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

இயக்குதல்

கட்டிங் போடுவதற்கு முந்தைய நாள் கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், செக்கிங், பேக்கிங் எல்லோரையும் அரை மணி நேரம் உட்கார வைத்து, ஒப்புதலான சாம்பிளை மேசையில் போட்டுப் பேசுங்கள். கழுத்து ரிப் உயரம் எவ்வளவு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், லேபிள் எந்தப் பக்கம், கீழ் மடிப்பு எத்தனை செ.மீ. பையரின் மின்னஞ்சலில் உள்ள குறிப்புகளை அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் போனில் மட்டும் இருக்கும் குறிப்பு லைனுக்கு வந்து சேராது.

லைனில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம். வாயால் சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு மெஷின் முன்னாலும் அந்த வேலை மட்டும் சரியாக முடிந்த ஒரு பாகத்தைக் கட்டித் தொங்க விடுங்கள். பக்கத்திலேயே தப்பான ஒன்றையும் சிவப்பு நூலால் அடையாளம் போட்டு மாட்டுங்கள். எந்த மொழிக்காரருக்கும் புரியும். ஒவ்வொரு டெய்லரின் முதல் மூன்று பீஸையும் அளந்து பார்த்த பிறகுதான் கட்டைக் கொடுக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரே மேலாளர் என்பது ஃபயோல் வலியுறுத்திய விதி. பனியன் கம்பெனியில் தினமும் மீறப்படுவதும் இதுதான். சூப்பர்வைசர் ஒன்று சொல்வார், பையர் தரப்பு க்யூ.சி (தரம் பார்ப்பவர்) வந்து இன்னொன்று சொல்வார், முதலாளி நடந்து போகும்போது மூன்றாவது ஒன்று சொல்வார். டெய்லர் கடைசியாகக் கேட்டதைச் செய்வார். நீங்கள் முதலாளியே ஆனாலும் திருத்தத்தை சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அவர் டெய்லரிடம் சொல்லட்டும். திட்டுவதையும் லைனுக்கு நடுவில் செய்யாதீர்கள். திட்டு வாங்கியவர் பாதி நாள் வேகம் குறைவார், சமயத்தில் மறுநாள் பக்கத்து கம்பெனியில் இருப்பார்.

கட்டுப்படுத்துதல்: "நடந்தது" பத்தியை நிரப்புதல்

லைன் முனையில் ஒரு போர்டு. மணிக்கு மணி 45 என்று இலக்கு, பக்கத்தில் கீழ் மடிப்பு முடிந்து வெளிவந்த எண்ணிக்கை, அதற்கடுத்து காரணம். நாள் முடிவில் 250 என்று தெரிந்து பயனில்லை, பதினொரு மணிக்கே 28 என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். எண் குறைந்தால் லைனில் நடந்து போய்க் குவியலைப் பாருங்கள். கழுத்து ஏற்றும் மெஷின் முன்னால் ஆறு கட்டு நிற்கிறது, அடுத்த மெஷின்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் அடைப்பு கழுத்தில்தான். அங்கே பீஸுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்றால் கைதேர்ந்தவரும் இடைவெளிகள் போக மணிக்கு 45-தான் தருவார். கொஞ்சம் தடங்கல் வந்தாலும் முழு லைனும் அந்த எண்ணுக்கு இறங்கும். சைடு மூட்டும் ஓவர்லாக்கில் ஒன்றை இரண்டு மணி நேரம் கழுத்துக்கு மாற்றுங்கள். எல்லோரையும் "வேகமா ஓட்டுங்க" என்று விரட்டினால் அந்த ஆறு கட்டு பத்து கட்டாகும், வேறொன்றும் நடக்காது.

தரத்துக்கும் இதே முறைதான். செக்கிங்கில் நூறு பீஸுக்கு எத்தனை குறை, எந்த வேலையில், எந்த மெஷினில் என்று கோடு போட்டு எழுத வேண்டும். தையல் விட்டுப் போவது திரும்பத் திரும்ப ஒரே மெஷினில் வந்தால் பெரும்பாலும் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது லூப்பர் (அடிநூல் கொக்கி) செட்டிங் தவறியிருக்கும். துணியில் பொடிப் பொடியாக ஓட்டை விழுந்தால் ஊசி நம்பரைக் குறைத்து, முனை உருண்ட ஊசி போட்டுப் பாருங்கள். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புதிய ஊசி கொடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டு முழுவதையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விடுங்கள். இதில் மட்டும் அவசரத்துக்காக விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்தத் துண்டு போய்ச் சேருவது யாரோ ஒருவரின் உடம்பில்.

இறுதி ஆய்வில் பையர் தரப்பு என்ன பார்க்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள சரக்குக்கு, மாதிரி எடுப்பு அட்டவணையின் பொது ஆய்வு நிலை இரண்டில் 200 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் பெரிய குறை 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். 57-ஆம் நாள் அதே 200 பீஸை எல்லாக் கலர், எல்லா சைஸிலிருந்தும் உங்கள் ஆளே எடுத்துப் பார்க்கட்டும். எட்டு ஒன்பது என்று விளிம்பில் நின்றால் பாஸ் என்று எடுத்துக்கொள்ளாமல், குறை எந்தக் கலர் பெட்டியில் குவிந்திருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் திறந்து மறு செக்கிங் போடுங்கள்.

சரக்குப் போன வாரத்திலேயே தாளை முடித்துவிட வேண்டும். துணி பீஸுக்கு 240 கிராம் நினைத்தோம், எவ்வளவு ஆனது? டையிங் எடைக் குறைவு 7 தானா? வெட்டியது 5,150, போனது எத்தனை? 5,000 போயிருந்தால் 97 சதவீதம், அது நல்ல எண். 94-க்கு வந்தால் டேமேஜ் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தேடுங்கள். தையல் 8 நிமிடம் எடுத்ததா, 9 எடுத்ததா? அடுத்த விலை கொடுக்கும்போது மெர்ச்சண்டைசர் பழைய காஸ்டிங்கை (விலைக் கணக்கை) நகலெடுக்காமல் இந்தப் பத்தியிலிருந்து எண்ணை எடுக்க வேண்டும். மீந்த பீஸ்களை உள்ளூரில் விற்பதாக இருந்தால் பையரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, பிராண்ட் லேபிளை வெட்டி எடுத்து, பிரிண்ட் இருந்தால் அதையும் மறைத்த பிறகே கொடுங்கள்.